புழுதி விதைப்பு: அன்றாட வாழ்வில் கடவுளை நம்பி நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் காலபோக (மாரிகால நெல்) விதைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புரட்டாதிக் கடைசியில் வயல் முழுக்கப் புழுதி. வானத்தில் மருந்துக்கும் முகில் இராது. அந்தப் புழுதிக்குள் நெல்லை வீசி, மேலால் உழுது மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மழை ஐப்பசியில் வரும். சில வருடம் பிந்தும். சில வருடம் விதையில் பாதி குருவிக்குப் போகும். சின்ன வயதில் அப்புவிடம் கேட்டிருக்கிறேன்: "மழை வந்தாப்பிறகு விதைச்சா என்ன அப்பு?" அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வெள்ளம் வரேக்க பயிர் குஞ்சாக் கிடந்தா தாண்டு போகும், பிள்ளை. அதுக்கு முன்னம் நிமிர்ந்திட வேணும்."

அவர் விசுவாசம் பற்றிப் பேசவில்லை, கமம் பற்றித்தான் பேசினார். ஆனால் மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் தாய்மார், "கடவுளை நம்புங்கோ எண்டு லேசாச் சொல்லுறியள், எப்பிடி நம்புறது?" என்று கேட்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பதில்தான். நம்பிக்கையை நான் ஒரு வேலையாகவே பார்க்கிறேன். வெள்ளத்துக்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலை. அதை எப்படிச் செய்வது என்பதைக் காலை முதல் இரவு வரை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

நான் கத்தோலிக்கக் குடும்பம். ஆகவே செபம், திருப்பாடல், விடுதலைப் பயணம் என்றுதான் கையில் வரும். சேர்ச்சுக்குப் போகிற சீர்திருத்த சபைக்காரர் ஜெபம், சங்கீதம், யாத்திராகமம் என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். சங்கதி ஒன்றுதான்.

முதற் படி: காப்புறுதி நம்பிக்கையை விடுங்கள்

"நான் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறேன், ஆகவே எனக்கு ஒன்றும் நடக்காது" என்பது நம்பிக்கையே இல்லை. அது காப்புறுதிக் கணக்கு. இந்த மண்ணில் இருந்துகொண்டு அப்படி நினைக்கவும் ஏலாது. போர்க்காலத்தில், 1999 நவம்பரில், மடு மாதா கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மேல் ஷெல் விழுந்து ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். கோயிலுக்கு வெளியே இருந்தவர்கள் இல்லை, மாதாவின் வளவுக்குள் இருந்தவர்கள். 2008 ஏப்ரலில் மாதாவின் சொரூபத்தையே குருமார் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆவணித் திருநாளுக்குத்தான் திரும்பி வந்தது. அந்தச் சொரூபத்துக்கு அது முதல் இடப்பெயர்வும் அல்ல. 1670 அளவில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தியபோது மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கி வந்த சொரூபம் அது.

நம்முடைய மாதாவும் எங்களைப்போல மூட்டை கட்டினவள்தான். எனக்கு இது ஆறுதலாகத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு எப்படியோ தெரியாது.

சரி, அப்படியானால் எதை நம்புவது? நடப்பதெல்லாம் நல்லதாக நடக்கும் என்பதை அல்ல. நடக்கிற இடத்தில் அவர் இருப்பார், அந்த நாளுக்கு வேண்டியதைத் தருவார் என்பதை. விடுதலைப் பயணம் 16ஆம் அதிகாரத்தில் மன்னா அப்படித்தான் விழுந்தது. அன்றன்றைக்கு அளவாய்ப் பொறுக்க வேண்டும். நாளைக்கென்று எடுத்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முதல்நாள் மட்டும் இரண்டு பங்கு. இந்த அதிகாரத்தை ஒருமுறை ஆறுதலாக வாசித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: கொப்பியில் கோடு போடுங்கள்

இதில்தான் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன். ஆட்கள் விடுவதும் இதைத்தான்.

பயம் தலைக்குள் இருக்கும்வரை அதற்கு அளவே இல்லை. தாளில் இறக்கினால் நாலு வரிக்குள் வந்துவிடும். ஒரு பழைய கொப்பியை எடுத்து நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் "என்ர கை", வலப்பக்கம் "அவற்ற கை". மனதை அரிக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து, அதில் என்னால் செய்யக்கூடிய பாதியை இடப்பக்கமும் மிச்சத்தை வலப்பக்கமும் எழுத வேண்டும்.

என்னுடைய கொப்பியில் 2021 மாரிகாலத்துப் பக்கம் ஒன்று இன்னும் கிடக்கிறது. இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய வருடம் அது. இடப்பக்கத்தில் இருப்பது: "மாட்டெரு யாரிட்டக் கிடக்கெண்டு விசாரிக்க. வியாழன் கிழமைக் காசுக்கு 1,500 குறையுது, அக்காட்டக் கேக்க. தம்பிக்கு ஓ.எல். கணக்குப் பாடம், பக்கத்து வீட்டு மகளிட்ட விட." வலப்பக்கத்தில்: "விளைச்சல். பசளை வருமோ வராதோ. தம்பியின்ர ரிசல்ட்." அன்றிரவு எழுதி முடித்தபோது என் கண்ணில் பட்டது ஒன்றுதான். நான் மூன்று நாளாக நித்திரையில்லாமல் யோசித்தது முழுக்க வலப்பக்கத்தைப் பற்றி. இடப்பக்கத்தில் ஒன்றைக்கூடத் தொடங்கியிருக்கவில்லை. அக்காவிடம் கேட்கவே இல்லை, வெட்கத்தில்.

கானா ஊர்க் கலியாணத்தை (யோவான் 2) இந்தக் கொப்பியோடு வைத்துப் பாருங்கள். மாதா அங்கே மகனிடம் சொன்னது இரசம் முடிந்துபோய்விட்டது என்பதை மட்டும்தான். எப்படித் தீர்க்க வேண்டும் என்று வழி சொல்லவில்லை. அது வலப்பக்கம். பிறகு வேலைக்காரரிடம் திரும்பி, அவர் சொல்வதைச் செய்யச் சொன்னாள். அவர்கள் 6 கல்தொட்டிகளை விளிம்புவரை நிரப்பினார்கள். அது இடப்பக்கம். சின்னத் தொட்டிகளும் அல்ல, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் பிடிக்கும். கிணற்றடியிலிருந்து தண்ணீர் சுமந்தவர்களுக்குத்தான் அந்தப் புதுமையின் பாரம் தெரிந்திருக்கும்.

செய்யும் முறை:

கிழமைக்கு ஒருதரம் போதும், ஞாயிறு பின்னேரம் வசதி. நாள்தோறும் எழுதத் தொடங்கினால் அதுவே ஒரு கவலையாகிவிடும். எழுதியதும் வலப்பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசியுங்கள், கானாவில் சொன்ன மாதிரி, இல்லாததை இல்லை என்று மட்டும் சொல்லி. "ஆண்டவரே, பசளை இல்லை." அவ்வளவுதான். அப்புறம் இடப்பக்கத்தில் ஒன்றைத் தெரிவு செய்து அன்றைக்கே தொடங்குங்கள். போன் எடுப்பதென்றால் அப்போதே எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில விடயங்களைச் சோம்பலில் வலப்பக்கம் தள்ளிவிடுவோம். வருத்தத்துக்கு மருந்து எடுப்பது இடப்பக்கம். சீனி வருத்தத்துக்கோ, பிரஷருக்கோ, மனவருத்தத்துக்கோ டாக்டர் தந்த குளிசையை "விசுவாசத்தில் நிறுத்தச்" சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று சொல்கிறவரிடமும் கவனம். கடன்காரரிடம் போய்த் தவணை கேட்பது இடப்பக்கம், அதற்குக் குறுக்குவழி இல்லை.

மூன்றாம் படி: காலையில் பத்து நிமிடம், போனைத் தொட முன்

இடம் ஒன்று, நேரம் ஒன்று. இரண்டையும் மாற்றாதீர்கள். குசினி வாசற்படியாக இருக்கலாம், வேப்பமரத்தடியாக இருக்கலாம். நான் பிளேன்ரீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அடுப்படியிலேயே இருப்பேன். கேத்தல் கொதிக்கும்வரை ஒரு பந்தி, ஆறும்வரை செபம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாற்கு நற்செய்தியில் தொடங்குங்கள். மொத்தம் 16 அதிகாரம், நான்கு நற்செய்திகளில் அதுதான் கட்டை. நாளைக்கு 10 வசனம் வாசித்தால் இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். வேகமாக முடிக்கத் தேவையில்லை. வாசித்ததில் ஒரு சொல்லை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வெளியே போங்கள். ஒரு நாள் எனக்குக் கிடைத்த சொல் "தலையணை". 4ஆம் அதிகாரத்தில் புயலுக்குள் இயேசு படகின் பின்புறத்தில் தலையணை வைத்து நித்திரை. அன்று முழுக்க அந்தத் தலையணை என்னோடு வயலுக்கு வந்தது.

போன் விடயம்: கட்டிலடியில் சார்ஜ் போடாதீர்கள். வேறு அறையில் போடுங்கள். எழும்பியவுடன் யார் வெளிநாட்டில் என்ன சமைத்தார்கள் என்று பார்த்துவிட்டு செபத்துக்கு வந்தால் மனம் அங்கேயேதான் நிற்கும். விவிலியத்தைப் போனிலேயே வாசிப்பதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முடிந்தால் நல்லது. எனக்கு முடியவில்லை.

நான்காம் படி: பகலில் மூன்று கட்டை நடுங்கள்

மாட்டைக் காலையில் அவிழ்த்துவிட்டால் பின்னேரம் வரும் என்று நம்பலாம். மனத்தை அப்படி விடக்கூடாது, நடுவில் கட்டை வேண்டும். கத்தோலிக்கருக்கு அதற்குப் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு: மூவேளைச் செபம். காலை 6, நண்பகல் 12, மாலை 6, கோயில் மணியோடு. இரண்டு நிமிடம் கூட எடுக்காது. மணி கேட்காத இடத்தில் இருப்பவர்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம். போனுக்கு அந்த ஒரு வேலையைக் கொடுப்பது நியாயம்தான்.

சீர்திருத்த சபை வாசகர்கள் அதே நேரங்களில் ஒரு திருப்பாடல் வரியைச் சொல்லலாம். தானியேல் நாளுக்கு மூன்று தரம் யன்னலைத் திறந்து வைத்துச் செபித்தவர், அவர் எல்லாருக்கும் பொது.

இதற்கு வெளியே, காத்திருக்கிற நேரமெல்லாம் உங்களுடையது. 2022இல் பெற்றோல் வரிசையில் ஏ9 வீதியோரம் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்ற நாட்கள் ஞாபகம் இருக்கும். ஒருநாள் விடியப்புறம் நாலரைக்குப் போய் நின்றவன் பதினொன்றரைக்குத்தான் பம்படிக்கு வந்தேன். முதல் இரண்டு மணித்தியாலம் அரசாங்கத்தைத் திட்டினேன். அதுவும் அலுத்துப்போனது. பிறகு விரலில் செபமாலை சொல்லத் தொடங்கினேன். ஒரு கையில் ஐந்து விரல், இரண்டு கைக்கும் பத்து மணி, ஒரு காரணிக்கம் சரி. வரிசை அசைந்தால் மோட்டார் சைக்கிளைத் தள்ள வேண்டும், எண்ணிக்கை பிழைக்கும். பிழைத்தால் பிழைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற ஐயா, சைவக்காரர், "தம்பி என்ன விரல எண்ணிக்கொண்டு நிக்கிறீர், கடன் கணக்கோ?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப எனக்கும் ரெண்டு சொல்லிவிடும்" என்றார். சொன்னேன். அன்று எனக்கும் கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது, அவருக்குப் பின்னால் மூன்று பேரோடு முடிந்துவிட்டது. அந்த நாலாமவர் செபிக்காதவர் என்று நான் எப்படிச் சொல்வேன்?

ஐந்தாம் படி: மனம் ஓடினால்

ஓடும். செபத்துக்கு இருந்து இரண்டாவது நிமிடத்தில் ஆடு வேலி பிரித்த ஞாபகம் வரும். அதற்காக உங்களைத் திட்டாதீர்கள், திட்டுவதும் ஒரு ஓட்டம்தான். ஆடு ஞாபகம் வந்தால் "ஆண்டவரே, ஆடு" என்று சொல்லிவிட்டு விட்ட வரிக்குத் திரும்புங்கள். பத்துத்தரம் ஓடினால் பத்துத்தரம் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் செய்தது அது மட்டும்தான் என்றாலும் அது செபம். பேதுரு தண்ணீரில் நடந்தபோது காற்றைப் பார்த்துத் தாழத் தொடங்கினார் (மத்தேயு 14). அப்போது அவர் நீண்ட செபம் ஒன்றும் சொல்லவில்லை, காப்பாற்றும்படி கத்தினார். கை உடனே வந்தது. கடிந்துகொண்டது கையைப் பிடித்த பிறகுதான்.

சரியான களைப்பு என்றால் செபத்தைச் சுருக்கிவிட்டுப் படுங்கள். எலியா சூரைச்செடிக்குக் கீழே இருந்து, சாக வேண்டும் என்று கேட்டபோது வானதூதர் மறையுரை வைக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், இன்னும் கொஞ்சம் நித்திரை கொள்ள விட்டார், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னார் (1 அரசர்கள் 19). கடவுள் பேசினது அதற்குப் பிறகு.

ஆறாம் படி: அழ வேண்டிய நாளில் அழுங்கள்

2018 மார்கழியில், நத்தாருக்கு மூன்று நாலு நாளைக்கு முன், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் எல்லாம் திறந்தாயிற்று. எங்கள் நெல் குடலைப் பருவம், புழுதியில் விதைத்து நிமிர்ந்துதான் நின்றது, அப்பு சொன்னபடி. தாண்டுபோனது. தண்ணீர் வடிந்த பிறகு வரம்பில் நின்று பார்த்தேன், பயிர் ஒரு பக்கமாகப் படுத்து, மேலே சேறு பூசி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் எனக்குப் பாட்டு வரவில்லை.

அப்படியான நாளில் நன்றிப்பாட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். திருப்பாடல்களில் பெரும் பங்கு முறைப்பாடு. 13ஆவது "எவ்வளவு காலம்" என்ற கேள்வியோடு தொடங்கி, அதையே நாலு தரம் கேட்கிறது. 88ஆவது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, வெளிச்சம் வருவதே இல்லை. அதையும் விவிலியத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்றால், அதைச் சொல்ல உங்களுக்கும் அனுமதி உண்டு. முறை இதுதான்: ஒரு முறைப்பாட்டுத் திருப்பாடலை எடுத்து, "பகைவர்" என்று வரும் இடத்தில் உங்களை அரிப்பதன் பெயரைப் போட்டு, சத்தமாக வாசியுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு. அபக்கூக்கு 3ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை, வயலில் விளைவில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று வரும் இடத்தை, இங்கே இடம்பெயர்ந்து திரிந்த எவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த இடத்துக்கு அபக்கூக்கு முதல் அதிகாரத்திலேயே வரவில்லை. முதல் அதிகாரம் முழுக்கச் சண்டை.

மற்றவருடைய துக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் வீதியோரம் போராட்டத்தில் இருக்கத் தொடங்கினார்கள். அப்படியொரு தாயிடம் போய் "எல்லாம் தேவ சித்தம்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் இருங்கள். தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். மகனுடைய பெயரைக் கேளுங்கள், அந்தப் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். யோபுவின் கூட்டாளிகள் முதல் 7 நாளும் வாய் திறக்காமல் கூட இருந்தார்கள். பிழை விட்டது எட்டாம் நாள்.

ஏழாம் படி: இரவில் கணக்குப் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டுங்கள்

ஐந்து நிமிடம். லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த முறையைச் சுருக்கித் தருகிறேன். இன்று என்ன கிடைத்தது, நன்றி சொல்லுங்கள், சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது (எனக்கு நேற்று: ஒருவர் லிப்ட் தந்தது). எங்கே தவறினேன், மன்னிப்புக் கேளுங்கள். நாளைக்கு எந்த இடம் கடினம், அதைக் காட்டுங்கள். முடிந்தது.

பிறகு படுங்கள். மாற்கு 4ஆம் அதிகாரத்தில், வேறு எந்த நற்செய்தியிலும் இல்லாத ஒரு சின்ன உவமை இருக்கிறது. ஒருவர் விதைக்கிறார், நித்திரை கொள்கிறார், எழும்புகிறார், விதை முளைத்து வளர்கிறது, எப்படியென்று அவருக்குத் தெரியாது. கமக்காரர் படுத்துறங்குவதை விசுவாசத்தின் பகுதியாகச் சொன்ன வேறொரு இடம் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

எட்டாம் படி: தனியே வேண்டாம், கல்லும் நடுங்கள்

அன்பியக் கூட்டமோ செபக்குழுவோ, கிழமைக்கு ஒருதரம் நாலு பேரோடு இருங்கள். உங்களுக்கு விசுவாசம் வற்றிய கிழமை மற்றவருடையதில் ஓடலாம். முடக்குவாதக்காரரைக் கூரை பிரித்து இறக்கியபோது இயேசு பார்த்தது தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையை. கூட்டத்தில் ஊர்க்கதை தொடங்கினால் ஒருவர் பாட்டைத் தொடங்க வேண்டும், அது எங்கள் பக்கத்து வைத்தியம்.

வருடத்துக்கு ஒருதரம் மடுவுக்குப் போங்கள், ஆடி (யூலை) 2 அல்லது ஆவணி (ஓகஸ்ட்) 15. சனத்துக்கு நடுவில் செபம் ஓடாது என்கிறவர்கள் திருநாள் இல்லாத ஒரு சாதாரண நாளில் போகலாம், மரநிழலில் குரங்குகளைத் தவிர ஒருவரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். நேர்த்தி வைப்பதென்றால் பேரம் பேசாதீர்கள். "நீர் இதைச் செய்தால் நான் அதைச் செய்வேன்" என்பதை விட, "கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நடந்து வருவேன்" என்று வைத்துப் பாருங்கள். நடை வேறு மாதிரி இருக்கும்.

யோர்தானைக் கடந்த இஸ்ரயேலர் ஆற்றின் நடுவிலிருந்து 12 கல்லை எடுத்து வந்து நட்டார்கள் (யோசுவா 4), பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு. உங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தை அதற்கு வையுங்கள். கடந்து வந்தவை, திகதியோடு. எங்கள் கடைசிப் பக்கத்தில் முதல் வரி மெனிக் பாம் அகதிமுகாமில் எழுதியது: "எல்லாரும் உயிரோடு. அம்மம்மா தவிர." அதை நன்றி என்பதா, முறைப்பாடு என்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தீர்மானமில்லை. இரண்டுக்குமாக வைத்திருக்கிறேன்.

தொடங்கும் கிழமைக்கு

எல்லாப் படியையும் ஒரேயடியாகப் பிடிக்காதீர்கள். முதற் கிழமை காலைப் பத்து நிமிடமும் இரவு ஐந்து நிமிடமும் மட்டும். இரண்டாம் கிழமை ஞாயிறு கொப்பிக்குக் கோடு போடுங்கள். மூவேளைச் செபம் மூன்றாம் கிழமை. புதன்கிழமை அளவில் ஒரு நாள் விடுபடும், அனேகமாகக் காய்ச்சலோ, செத்தவீடோ, வெறும் அலுப்போ. அடுத்த நாள் அதையும் சேர்த்து இருபது நிமிடம் இருக்க வேண்டாம், மன்னாவுக்கு நேற்றைய பங்கு கிடையாது. அன்றைய பத்து நிமிடத்தோடு தொடருங்கள். கொப்பியும் புதிதாக வாங்கத் தேவையில்லை. பிள்ளைகளின் போன வருடத்துக் கொப்பிகளில், சமயபாடக் கொப்பியில் குறிப்பாக, பின்பக்கம் அரைவாசி எழுதாமல்தான் கிடக்கும்.